திருட்டு நகலைத் தடுக்கும் சட்டம் யார்மேல் கை வைக்கிறது?

பிறர் படைப்பை அனுமதியின்றி நகலெடுப்பதற்குத் தமிழில் ‘திருட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. திருட்டு விசிடி, திருட்டுப் படம், திருட்டுப் பதிவிறக்கம் என எல்லாவற்றையும் ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். ஆனால் சட்டம் இந்தச் சொல்லைச் சற்றுத் தயக்கத்தோடுதான் கையாள்கிறது. ஒருவருடைய மிதிவண்டியைத் திருடினால் அது அவரிடம் இல்லாமல் போகிறது. அவர் எழுதிய நூலை அனுமதியின்றி நகலெடுத்தால் நூல் அவரிடமே இருக்கிறது, நகலெடுக்க அனுமதிக்கவும் மறுக்கவும் அவருக்கு இருந்த அதிகாரந்தான் மீறப்படுகிறது. அனுமதியின்றித் தயாரித்த இசைத்தட்டுகளை மாநிலம் விட்டு மாநிலம் அனுப்பிய ஒருவர்மீது, திருட்டுப் பொருள்களைக் கடத்துவதற்கு எதிரான சட்டம் பாயுமா என்ற கேள்வி 1985ஆம் ஆண்டில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தபோது, பாயாது என்றே அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் செய்தது தவறில்லை என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது வேறு வகையான தவறு, அதற்கென்று வேறு சட்டம் இருக்கிறது என்பதே பொருள்.

இது வெறும் சொல்லாராய்ச்சிபோலத் தோன்றலாம். ஆயினும், இணையத்தில் திருட்டு நகலைத் தடுப்பதற்கென்று இயற்றப்பட்ட சட்டங்கள் ஏன் மீண்டும் மீண்டும் பேச்சுரிமையோடு போய் மோதுகின்றன என்பதைப் புரிந்துகொள்ள இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். களவு போன மிதிவண்டியைத் தேடும் காவலர் ஒரு பொருளைத் தேடுகிறார். அனுமதியற்ற நகலைத் தேடுபவரோ, மக்கள் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ளும் சொற்களுக்கும் படங்களுக்கும் ஒலிகளுக்கும் நடுவே தேட வேண்டியிருக்கிறது.

மீறப்படும் அந்த உரிமைக்குப் பதிப்புரிமை என்று பெயர். இதையே ‘காப்புரிமை’ என்று எழுதும் வழக்கமும் பரவலாக இருக்கிறது. ஆனால் புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படும் உரிமைக்கும் அதே சொல் வழங்குவதால் குழப்பமே மிஞ்சுகிறது. இங்கிலாந்தில் 1710ஆம் ஆண்டு நடைமுறைக்கு வந்த ஆன் அரசியின் சட்டம், புதிய நூலை அச்சிடும் தனியுரிமையை அதன் ஆசிரியருக்கு 14 ஆண்டுகளுக்கும், அக்காலம் முடியும்போது அவர் உயிரோடிருந்தால் மேலும் 14 ஆண்டுகளுக்கும் அளித்தது. இன்றைய கால அளவு அதைவிடப் பல மடங்கு நீண்டது. 1886இல் உருவாகிப் பின்னர் பலமுறை திருத்தப்பட்ட பெர்ன் உடன்படிக்கையின்படி, பொதுவாக ஆசிரியரின் வாழ்நாள் முழுவதும், அவர் மறைந்து குறைந்தது 50 ஆண்டுகள் வரையிலும் இவ்வுரிமை நீடிக்க வேண்டும். இந்தியச் சட்டம் அதை 60 ஆண்டுகளாகவும், ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் 70 ஆண்டுகளாகவும் வைத்திருக்கின்றன. இதற்காக எந்த அலுவலகத்திலும் பதிவு செய்ய வேண்டியதில்லை. படைப்பு உருவான கணத்திலேயே உரிமையும் பிறந்துவிடுகிறது. பெரிய திரைப்பட நிறுவனத்துக்கு மட்டுமல்லாமல், கைப்பேசியில் ஒளிப்படம் எடுக்கும் ஒவ்வொருவருக்கும் இது பொருந்தும்.

அதே வேளையில், இந்த உரிமைக்குள் சட்டமே சில வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. கருத்துக்கும் செய்திக்கும் பதிப்புரிமை இல்லை, அவை சொல்லப்பட்ட வடிவத்துக்கு மட்டுமே உண்டு. விமர்சனத்துக்காக ஒரு பத்தியை மேற்கோள் காட்டலாம். கற்பிப்பதற்காகவும், ஆய்வுக்காகவும், செய்தி வெளியிடுவதற்காகவும், நாட்டுக்கு நாடு மாறுபடும் அளவில், அனுமதி கேட்காமலே ஒரு பகுதியைப் பயன்படுத்தலாம். இவற்றை ஏதோ போனால் போகிறது என்று தரப்பட்ட சலுகைகளாக எண்ணுவது தவறு என்பது என் கருத்து. மேற்கோள் காட்ட முடியாத நாட்டில் விமர்சனம் என்ற ஒன்று இருக்க முடியாது. ஆனால் இந்த விலக்குகள் பொருந்துமா இல்லையா என்பதைச் சூழலைப் பார்த்து, மனிதர் ஒருவர் எடைபோட்டுத்தான் சொல்ல முடியும். பின்னால் வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை, அப்படி எடைபோடுவதற்கு ஆளோ நேரமோ இல்லாமல் போவதிலிருந்து பிறப்பவை.

அச்சகம் இருந்த காலத்தில் உரிமையாளரின் வேலை எளிதாக இருந்தது. நகலெடுக்க இயந்திரமும் தாளும் இடமும் தேவைப்பட்டன. அவற்றைக் கண்டுபிடித்துப் பறிமுதல் செய்தால் விவகாரம் முடிந்துவிடும். இணையத்தில் நகலெடுத்தல் என்பது தனியாக ஒரு செயலே அல்ல, ஒரு பக்கத்தைப் பார்ப்பது என்றாலே அதன் நகல் ஒன்று நம் கணினிக்கு வந்து சேர்கிறது என்றுதான் பொருள். அனுமதி பெற்ற நகலும் அனுமதியற்ற நகலும் ஒரே கம்பிவழியே, ஒரே வடிவில், ஒரே வேகத்தில் பயணம் செய்கின்றன. கம்பிக்கு அவற்றிடையே வேறுபாடு தெரியாது.

எனவே உரிமையாளர்களுக்கு இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, நகலெடுக்கும் ஒவ்வொருவர்மீதும் வழக்குத் தொடுப்பது. அமெரிக்க இசை நிறுவனங்கள் 2003ஆம் ஆண்டு முதல் சில ஆண்டுகளுக்கு இதைச் செய்து பார்த்தன. சாதாரணப் பயனர்கள் பல்லாயிரம் பேர்மீது வழக்குகள் பாய்ந்தன. அவற்றில் ஒன்றில், 24 பாடல்களைப் பகிர்ந்ததற்காக ஒரு பெண்ணுக்கு விதிக்கப்பட்ட இழப்பீடு, பல கட்ட விசாரணைகளுக்குப் பின் 2,22,000 டாலர் என்று முடிவானது. இடையில் ஒரு நடுவர் குழு அதை 19 லட்சம் டாலருக்கும் மேல் கொண்டுபோயிருந்தது. இந்த வழக்குகள் மக்களிடையே வெறுப்பைச் சம்பாதித்த அளவுக்குப் பகிர்வைக் குறைக்கவில்லை.

இரண்டாவது வழி, நடுவில் இருப்பவர்களைப் பொறுப்பாக்குவது. கருவியைச் செய்தவர், சேமிப்பிடம் தந்தவர், இணைப்புத் தந்தவர், தேடித் தந்தவர், பணம் செலுத்த வழி செய்தவர் எனப் படைப்புக்கும் பயனருக்கும் நடுவே இருக்கும் இவர்களைச் சட்டம் இடைநிலையாளர்கள் என்று அழைக்கிறது. ஒளிப்பதிவுக் கருவிகள் வீடுகளுக்குள் வந்த காலத்திலேயே இந்தக் கேள்வி எழுந்தது. தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய உதவும் கருவியை விற்றதற்காக அதைத் தயாரித்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை, ஏனெனில் அக்கருவிக்குச் சட்டப்படியான பயன்களும் கணிசமாக உண்டு என்று 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற மயிரிழைப் பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது. அந்தக் கருவி தங்களை அழித்துவிடும் என்று அலறிய திரைப்பட நிறுவனங்கள் சில ஆண்டுகளிலேயே ஒளிநாடாக்களின் விற்பனையிலும் வாடகையிலும் பெரும் வருவாய் ஈட்டின என்பதை இங்கே நினைவூட்டாமல் இருக்க முடியவில்லை. ஆனால் 1999இல் தோன்றிய நாப்ஸ்டர் என்ற பாடல் பகிர்வுச் சேவை இந்தப் பாதுகாப்புக்குள் அடங்கவில்லை. எந்தப் பாடல் யாரிடம் இருக்கிறது என்ற பட்டியலைத் தன் கையிலேயே வைத்திருந்ததால், தடுக்க முடிந்தும் தடுக்கவில்லை என்ற குற்றச்சாட்டு அதன்மேல் நின்றது. 2001இல் அது மூடப்பட்டது. கருவியைச் செய்வது ஒன்று, மீறலுக்கென்றே ஆள் திரட்டுவது வேறு என்ற கோட்டை 2005இல் அதே உச்ச நீதிமன்றம் மேலும் தெளிவாக வரைந்தது.

புகார் வந்தால் நீக்கு

இடைநிலையாளரை முழுக்கப் பொறுப்பாக்கினால், பிறர் எழுதியதை வெளியிடும் எந்தச் சேவையும் நடக்க முடியாது. பல கோடிப் பதிவுகளை ஒவ்வொன்றாகப் படித்துப் பார்த்து வெளியிட எந்த நிறுவனமும் முன்வராது. முழுக்க விடுவித்தால், மீறலையே தொழிலாகக் கொண்டவர்கள் ‘நான் இடம் தந்தவன் மட்டுமே’ என்று கைகழுவிவிடுவார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே 1998இல் அமெரிக்கா ஓர் ஏற்பாட்டைச் செய்தது. டிஜிட்டல் ஆயிரமாண்டுப் பதிப்புரிமைச் சட்டம், சுருக்கமாக டிஎம்சிஏ, சொல்வது இதுதான்: தன் சேவையில் பயனர் ஏற்றிய ஒன்று மீறல் என்று உரிமையாளர் முறைப்படி அறிவிப்பு அனுப்பினால், சேவை நிறுவனம் அதை உடனே நீக்கிவிட வேண்டும், நீக்கிவிட்டால் அதன்மீது இழப்பீட்டு வழக்கு நிற்காது. நீக்கப்பட்டவர் எதிர் அறிவிப்பு அனுப்பலாம். அதன்பின் உரிமையாளர் வழக்குத் தொடுக்காவிட்டால், 10 முதல் 14 வேலைநாள்களுக்குள் பதிவு திரும்ப ஏற்றப்பட வேண்டும். இன்று நாம் பயன்படுத்தும் காணொளித் தளங்களும் சமூக வலைத்தளங்களும் வளர்ந்ததற்கு இந்தப் பாதுகாப்பு ஒரு முக்கியக் காரணம் என்பதை மறுப்பவர் குறைவு.

ஆனால் இதில் ஒரு சாய்வு இருக்கிறது. அறிவிப்பு வந்ததும் நீக்கிவிடும் நிறுவனத்துக்கு இழப்பு ஏதுமில்லை. சரிபார்க்கிறேன் என்று நிறுத்தி வைக்கும் நிறுவனத்துக்கோ வழக்கு ஆபத்து காத்திருக்கிறது. ஆகவே, ஐயம் எழும் இடத்திலெல்லாம் நீக்கிவிடுவதே கணக்குக்குச் சரியாக வருகிறது. 2007ஆம் ஆண்டு ஒரு தாய், தன் கைக்குழந்தை துள்ளி ஆடுவதை 29 நொடிக் காணொளியாக யூடியூபில் ஏற்றினார். பின்னணியில் எங்கோ ஒரு பாடல் மங்கலாக ஒலித்துக்கொண்டிருந்தது. பாடலின் உரிமையை நிர்வகித்த நிறுவனம் அறிவிப்பு அனுப்பியது, காணொளி நீங்கியது. அவர் எதிர் அறிவிப்பு அனுப்பி அதை மீட்டதோடு நில்லாமல் நீதிமன்றமும் சென்றார். அறிவிப்பு அனுப்புவதற்கு முன்பே, அது நியாயமான பயன்பாடாக, அதாவது அனுமதியின்றியே சட்டம் ஏற்கும் பயன்பாடாக, இருக்கக்கூடுமா என்று உரிமையாளர் எண்ணிப் பார்க்கத்தான் வேண்டும் என்ற தீர்ப்பு 2015இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்திலிருந்து வந்தது. 29 நொடிகளுக்கு 8 ஆண்டுகள்.

அதைவிடக் கவலை தருவது, பதிப்புரிமை என்ற பெயரில் பேச்சையே அடக்கும் முயற்சி. 2003இல் அமெரிக்காவில் வாக்குப்பதிவு இயந்திரங்களைத் தயாரித்த டிபோல்டு நிறுவனத்தின் உள் மின்னஞ்சல்கள் வெளியே கசிந்தன. இயந்திரங்களில் இருந்த குறைகளைப் பற்றி ஊழியர்களே பேசிக்கொண்ட அந்த மடல்களை மாணவர்கள் சிலர் இணையத்தில் வெளியிட்டபோது, அவை தன் பதிப்புரிமைக்கு உட்பட்டவை என்று நிறுவனம் நீக்க அறிவிப்புகளை அனுப்பியது. மாணவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். மீறல் இல்லை என்று அறிந்தே நிறுவனம் பொய்யாக அறிவித்தது என்று 2004இல் தீர்ப்பானது. 1,25,000 டாலர் இழப்பீடும் செலவுத் தொகையுமாக அது செலுத்த நேர்ந்தது. எல்லாருக்கும் இத்தகைய வழக்கறிஞர் உதவி கிடைக்காது என்பதையும் சேர்த்தே இந்த வெற்றியைப் பார்க்க வேண்டும்.

எல்லா நாடுகளும் அமெரிக்க வழியை அப்படியே பின்பற்றவில்லை. 2012இல் திருத்தப்பட்ட இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், இணைப்போ அணுக்கமோ (படைப்பைப் போய்ப் பார்க்கும் வசதியோ) தருவதற்காகத் தற்காலிகமாகச் சேமித்து வைக்கும் சேவைகளைப் பொறுத்தவரை, புகார் கிடைத்தபின் 21 நாள்கள் மட்டும் அணுக்கத்தை நிறுத்தி வைக்கச் சொல்கிறது. அதற்குள் புகார் செய்தவர் நீதிமன்ற ஆணை பெற்று வராவிட்டால் மீண்டும் திறந்துவிடலாம். கனடாவில் 2015 முதல் நடைமுறையில் இருக்கும் முறையில் நீக்கம் என்பதே கிடையாது. உரிமையாளரின் அறிவிப்பை இணையச் சேவை நிறுவனம் தன் வாடிக்கையாளருக்கு அனுப்பி வைத்தால் போதும், மேற்கொண்டு வேண்டுமானால் உரிமையாளர் நீதிமன்றம் செல்லலாம். வழக்குத் தொடுக்கும் சுமை யார் தோளில் விழுகிறது என்ற ஒரே ஒரு மாற்றத்தில் இந்த மூன்று சட்டங்களின் குணமும் மாறிவிடுவதைக் கவனிக்கலாம்.

கதவை அடைக்கும் முறைகள்

நீக்கச் சொன்னால் நீக்காத தளங்களும் உண்டு. அவை பெரும்பாலும் வேறு நாட்டில், கைக்கு எட்டாத இடத்தில் இருக்கின்றன. அப்போது தளத்தை விட்டுவிட்டு, அதற்குச் செல்லும் வழியை அடைக்க முற்படுகிறார்கள். இதில் மூன்று முறைகள் இருக்கின்றன, மூன்றுக்கும் உள்ள வேறுபாடு தெரியாமல் இணையச் சுதந்திரம் பற்றிப் பேசுவதில் பயனில்லை.

நாம் ஒரு தளத்தின் பெயரைத் தட்டச்சு செய்ததும், அந்தப் பெயருக்குரிய எண் முகவரியைத் தேடித் தருவது டிஎன்எஸ் என்ற அமைப்பு. பெயரைச் சொன்னால் எண்ணைத் தரும் தொலைபேசிக் கையேடு போன்றது அது. கையேட்டிலிருந்து ஒரு பெயரை அடித்துவிடுவது முதல் முறை. வீடு அப்படியே இருக்கும், வேறொரு கையேட்டைப் புரட்டினால் எண் கிடைத்துவிடும். அந்த எண் முகவரியையே, அதாவது ஐபி முகவரியையே, மறிப்பது இரண்டாவது முறை. இங்கேதான் விபரீதம். இன்று ஆயிரக்கணக்கான தளங்கள் ஒரே ஐபி முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. ஒரு வீட்டில் நடந்த குற்றத்துக்காக அடுக்குமாடிக் கட்டடத்தின் வெளிவாசலைப் பூட்டியதுபோல் ஆகிவிடும். குறிப்பிட்ட ஒரு பக்கத்தின் முழு முகவரியை மட்டும் தடுப்பது மூன்றாவது முறை. மூன்றிலும் நுட்பமானது இதுவே. ஆனால் இன்று பெரும்பாலான தளங்கள் மறையாக்கப்பட்ட இணைப்பைப் பயன்படுத்துவதால், எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது இணையச் சேவை நிறுவனத்துக்குத் தெரிந்தாலும், அத்தளத்தில் எந்தப் பக்கத்தைப் பார்க்கிறோம் என்பது தெரிவதில்லை. நம் அந்தரங்கத்தைக் காக்கும் அதே மறையாக்கம், தடையாணையின் கூர்மையை மழுங்கச் செய்துவிட்டது.

நீதிமன்றங்களும் இதைப் பட்டறிவால்தான் கற்றன. யாரென்று தெரியாத மீறலாளர்களுக்கு எதிராக முன்கூட்டியே பெறப்படும் ஆணைகளை ஆங்கிலேய மரபில் ‘ஜான் டோ’ ஆணை என்பார்கள், இந்தியாவில் ‘அசோக் குமார்’ ஆணை என்றும் வழங்குவதுண்டு. 2002 உலகக் கோப்பைக் கால்பந்தாட்டத்தின்போது கேபிள் நடத்துநர்களுக்கு எதிராகத் தில்லி உயர் நீதிமன்றம் பிறப்பித்த ஆணை இவற்றுக்கு முன்னோடி. 2012இல் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு திரைப்படத்துக்காக இத்தகைய ஆணை பிறப்பித்தபோது, இணையச் சேவை நிறுவனங்கள் காணொளிகளைப் பகிரும் விமியோ போன்ற முழுத் தளங்களையே மூடிவிட்டன. அங்கே தங்கள் குறும்படங்களை வைத்திருந்த எத்தனையோ படைப்பாளிகளுக்கும் அந்த வழக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. குறிப்பிட்ட பக்க முகவரிகளுக்கு மட்டுமே தடை பொருந்தும் என்று அவ்வாண்டு ஜூன் மாதம் நீதிமன்றம் தெளிவுபடுத்த வேண்டியதாயிற்று. ஒரு தளத்தை மூடினால் அதே உள்ளடக்கம் வேறு பெயரில் மறுநாளே முளைத்துவிடுகிறது என்ற உரிமையாளர்களின் குறையும் பொய்யல்ல. அதற்கு விடையாக 2019இல் தில்லி உயர் நீதிமன்றம், முதன்மையாக மீறலுக்கென்றே நடத்தப்படும் தளங்களின் மறுபதிப்புகளுக்கும் புதிய வழக்கின்றியே தடையை நீட்டிக்க வழி செய்தது.

இந்த இடத்தில்தான் 2011ஆம் ஆண்டு அமெரிக்க நாடாளுமன்றத்தின் முன் வந்த சோபா, பிபா என்ற இரண்டு மசோதாக்களின் கதை வருகிறது. சோபாவை அவ்வாண்டு அக்டோபரில் கீழவையில் லாமர் ஸ்மித் கொண்டுவந்தார். மேலவையில் பேட்ரிக் லேஹியின் பிபா அதற்கு முன்பே மே மாதத்தில் வந்திருந்தது. வெளிநாட்டுத் தளங்களை டிஎன்எஸ்ஸிலிருந்து அகற்றவும், தேடுபொறிகளின் விடைகளிலிருந்து நீக்கவும், அவற்றுக்குப் போகும் விளம்பரப் பணத்தையும் அட்டைப் பணத்தையும் நிறுத்தவும் அவை வழி வகுத்தன. சோபாவின் முதல் வடிவத்தில், பணத்தை நிறுத்தும் நடவடிக்கைக்கு நீதிமன்ற ஆணைகூடத் தேவைப்படவில்லை, உரிமையாளரின் அறிவிப்பே போதும் என்றிருந்தது.

எதிர்ப்பு இரண்டு திசைகளிலிருந்து வந்தது. பொறியாளர்கள் சொன்ன எதிர்ப்பு அதிகம் பேசப்படவில்லை என்றாலும், என் பார்வையில் அதுவே வலுவானது. டிஎன்எஸ் தரும் விடை இடையில் யாராலும் மாற்றப்படவில்லை என்று உறுதிசெய்ய டிஎன்எஸ்செக் என்ற பாதுகாப்பு முறையைப் பல ஆண்டுகளாக அவர்கள் உருவாக்கி வந்தார்கள். விடையை மாற்றித் தரச் சொல்லும் சட்டமும், மாற்றப்பட்ட விடையை ஏற்காதே என்று சொல்லும் பாதுகாப்பு முறையும் ஒன்றாக வாழ முடியாது என்று, ஸ்டீவ் குரோக்கர், டான் காமின்ஸ்கி, பால் விக்சி உள்ளிட்ட ஐவர் 2011 மே மாதமே எழுதிவிட்டார்கள். மற்ற எதிர்ப்பு உலகறிந்தது. 2012 ஜனவரி 18 அன்று ஆங்கில விக்கிப்பீடியா, எதிர்ப்பு அறிவிப்பு ஒன்றை மட்டும் காட்டியபடி, 24 மணி நேரம் இருளில் மூழ்கியது. அந்த அறிவிப்புப் பக்கம் 16 கோடிக்கும் மேற்பட்ட முறை பார்க்கப்பட்டது, கூகுளின் மனுவில் சுமார் 70 லட்சம் பேர் கையெழுத்திட்டார்கள். இரண்டே நாள்களில் இரு மசோதாக்களும் கிடப்பில் போடப்பட்டன. மக்கள் இயக்கமாக இது கொண்டாடப்படுவது நியாயந்தான் என்றாலும், எதிர்த்தவர்களில் பெரிய இணைய நிறுவனங்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கும் இருந்தது என்பதை மறந்துவிடக் கூடாது.

அந்தப் போராட்டம் நடந்த மறுநாள், பழைய சட்டத்தைக் கொண்டே அமெரிக்கா மெகாஅப்லோடு என்ற கோப்புப் பகிர்வுச் சேவையை மூடி, அதன் நிறுவனர் கிம் டாட்காமை நியூசிலாந்தில் கைது செய்ய வைத்தது. புதிய சட்டம் எதற்கு என்று பலர் கேட்டார்கள். ஆனால் அந்த நடவடிக்கையிலும் ஒரு மறுபக்கம் உண்டு: அச்சேவையில் தங்கள் சொந்த வேலைக்கான கோப்புகளைச் சேமித்து வைத்திருந்தவர்கள் ஒரே இரவில் அவற்றை இழந்தார்கள். அவர்களில் பள்ளி விளையாட்டுப் போட்டிகளைப் படமெடுத்து வாழ்ந்த ஒருவர் தன் கோப்புகளைக் கேட்டு ஆண்டுக்கணக்கில் நீதிமன்றப் படியேறினார். அதற்கு முன்னர், 2010 நவம்பரில், ஹிப்-ஹாப் இசை பற்றி எழுதிவந்த டஜாஸ்1 என்ற தளத்தின் பெயரை அமெரிக்க அதிகாரிகள் பறிமுதல் செய்து, ஓராண்டுக்கும் மேலாக வைத்திருந்து, வழக்கே தொடுக்காமல் திருப்பித் தந்தார்கள். ஓர் இதழை ஓராண்டு முடக்கி வைத்துப் பின் மன்னிப்புக்கூடக் கேட்காமல் சாவியை நீட்டுவதற்கு ஒப்பானது இது.

தளத்தைத் தடுப்பதே இணையத்தைக் கொன்றுவிடும் என்று சொல்வதும் மிகைதான். பிரித்தானியாவில் 2011 முதல் உயர் நீதிமன்றம் பெயர் குறிப்பிட்ட தளங்களைத் தடுக்க ஆணையிட்டு வருகிறது. அங்கே பேச்சு நின்றுவிடவில்லை.

மனிதரைத் துண்டித்தலும் முன்கூட்டி வடிகட்டலும்

பிரான்சு வேறொரு வழியில் சென்றது. 2009ஆம் ஆண்டின் ஹடோப்பி சட்டம், எச்சரிக்கைகளுக்குப் பின்னும் மீறுபவரின் இணைய இணைப்பையே துண்டிக்கும் அதிகாரத்தை ஓர் அரசு அமைப்புக்குத் தர முயன்றது. கருத்துச் சுதந்திரத்தைப் பயன்படுத்த இணைய அணுக்கம் இன்று இன்றியமையாதது, ஆகவே நீதிபதி அல்லாத ஒருவர் அதைப் பறிக்க முடியாது என்று அந்நாட்டு அரசியலமைப்பு மன்றம் 2009 ஜூன் 10 அன்று கூறி அப்பகுதியை நீக்கியது. நீதிபதியின் வழியாகத் துண்டிக்கலாம் என்று சட்டம் திருத்தப்பட்டது. 2013 ஜூலையில் அந்தத் தண்டனையும் கைவிடப்பட்டது. பதிப்புரிமை மீறலுக்காக மக்களை இணையத்திலிருந்து விலக்குவது குற்றத்துக்குப் பொருந்தாத தண்டனை என்று ஐ.நா.வின் கருத்துச் சுதந்திரச் சிறப்பு அறிக்கையாளர் 2011இல் எழுதியிருந்தார். இச்சட்டத்தின் உள்ளார்ந்த குறையைக் காட்டுவதற்கு முதல் தண்டனை ஒன்றே போதும். 2012இல் 150 யூரோ அபராதம் செலுத்தியவர் பாடல்களைப் பதிவிறக்கம் செய்தவரே அல்லர். செய்தது தானே என்று அவருடைய மனைவி ஒப்புக்கொண்டபோதும், இணைப்பு கணவரின் பெயரில் இருந்ததால் அதைப் பாதுகாக்கத் தவறிய குற்றம் அவரைச் சேர்ந்தது. ஐபி முகவரி ஒரு வீட்டைக் காட்டும், ஆளைக் காட்டாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் நிறைவேற்றிய பதிப்புரிமை நெறிமுறையின் 17ஆம் பிரிவு, பயனர்கள் ஏற்றும் படைப்புகளைப் பெருமளவில் வெளியிடும் தளங்கள் உரிமையாளரிடம் அனுமதி பெற முயல வேண்டும், பெற இயலாவிட்டால் உரிமையாளர் சுட்டிக்காட்டிய படைப்புகள் தளத்தில் ஏறாமலே தடுக்கத் தம்மால் இயன்றதைச் செய்ய வேண்டும் என்கிறது. நடைமுறையில் இதற்குத் தானியங்கி வடிகட்டிதான் வேண்டும். வடிகட்டிக்கு இரண்டு கோப்புகள் ஒத்திருக்கின்றனவா என்பது தெரியும். ஒன்று மற்றொன்றைக் கேலி செய்கிறதா, விமர்சிக்கிறதா என்பது தெரியாது. இப்பிரிவை எதிர்த்துப் போலந்து தொடுத்த வழக்கை 2022 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதும், சட்டப்படியான பதிவையும் மீறலையும் பிரித்தறிய முடியாத வடிகட்டியைப் பயன்படுத்தக் கூடாது என்று நிபந்தனையிட்டது. அப்படிப்பட்ட வடிகட்டி எங்கே கிடைக்கும் என்பதை நீதிமன்றம் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில்

நேரலை விளையாட்டு இந்தச் சிக்கலை உச்சத்துக்குக் கொண்டுபோயிருக்கிறது. நூலின் மதிப்பு பல ஆண்டுகள் நிற்கும். போட்டியின் மதிப்பு அது முடிந்ததும் பெரும்பாலும் கரைந்துவிடும். நீதிமன்றம் அடுத்த வாரம் விசாரிக்கும் என்பது ஒளிபரப்பு உரிமைக்குப் பெருந்தொகை கொடுத்தவருக்கு விடையாகாது. எனவே இத்தாலி 2023இல் இயற்றிய சட்டத்தின்படி, உரிமையாளர்கள் ‘பைரசி ஷீல்டு’ என்ற தானியங்கித் தளத்தில் ஒரு முகவரியைப் பதிவு செய்தால், இணையச் சேவை நிறுவனங்கள் 30 நிமிடங்களுக்குள் அதை அடைக்க வேண்டும். அடைத்தபின்தான் முறையீடு. 2024 அக்டோபர் 19, ஒரு சனிக்கிழமை மாலை, கூகுள் டிரைவ் கோப்புகளைப் பதிவிறக்கும் முகவரியே அந்தப் பட்டியலில் ஏறிவிட்டது. இத்தாலியில் மாணவர்களும் அலுவலர்களும் தங்கள் கோப்புகளை எடுக்க முடியாமல் மணிக்கணக்கில் தவித்தார்கள்.

ஸ்பெயினில் கால்பந்து லீக் அமைப்பான லாலிகா, 2024 டிசம்பரில் பார்சலோனா வணிக நீதிமன்றத்தில் பெற்ற தீர்ப்பைக் கொண்டு, போட்டி நடக்கும் நேரங்களில், எண்ணற்ற தளங்களுக்கும் பயனர்களுக்கும் நடுவே நின்று பக்கங்களை அனுப்பித் தரும் கிளவுட்பிளேர் நிறுவனத்தின் ஐபி முகவரிகளைத் தடுக்க வைக்கிறது. அதே முகவரிகளைப் பகிர்ந்துகொள்ளும், கால்பந்துக்கும் தங்களுக்கும் தொடர்பே இல்லாத ஏராளமான தளங்கள் வார இறுதிகளில் அந்நாட்டில் திறக்காமல் போகின்றன. அவற்றின் உரிமையாளர்களுக்கு முன்னறிவிப்பும் வருவதில்லை, பின்னறிவிப்பும் வருவதில்லை. கிளவுட்பிளேரும் ஒரு கணினிப் பாதுகாப்பு மாநாட்டின் அமைப்பாளர்களும் இதை எதிர்த்தபோது, சேதம் எதுவும் நிரூபிக்கப்படவில்லை என்று கூறி 2025 மார்ச்சில் நீதிமன்றம் அவர்களுடைய மனுக்களைத் தள்ளியது. போட்டி முடிந்ததும் தடை விலகிவிடுகிறது, தளம் பழையபடி திறக்கிறது. திங்கட்கிழமை காலையில் நீதிமன்றத்துக்கு எடுத்துச்செல்ல அந்தத் தளக்காரரின் கையில் எதுவும் மிஞ்சியிருப்பதில்லை.